ரவிச்சந்திரன் கை கழுவுகிறார்

போன வாரம் தர்ஷினி எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஹட்டனில் இருக்கும் பல்கலைக்கழகப் பிராந்திய நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் அவள். நான் எழுந்து வந்த நாற்காலியில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அனுபவம் எப்படி வரும்?

புதிய மதிப்பீட்டாளர்களுக்கு 'மாதிரிச் சான்று' என்று அந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டுகிறார்களாம். ஒரு பெண் தண்ணீர்க் குழாயடியில் நின்று கை கழுவுகிறாள். "இப்போ நான் கை கழுவுறேன். இப்போ நான் சவுக்காரம் போடுறேன்" என்று, யாரோ கழுத்தில் கத்தியை வைத்துச் சொல்லச் சொன்ன மாதிரி, உரக்கச் சொல்கிறாள். படம் எடுப்பவர் நடுவில் இருமுகிறார். அந்த இருமல் என்னுடையது. படத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருக்கிறது: 'தேர்ச்சி பெற்றவர்: எஸ். ரவிச்சந்திரன்.'

"மோகன் சேர், பேரை மாத்திப் போட்டுட்டாங்களா? இந்த அம்மா யாரு?" என்று கேட்டிருந்தாள்.

எழுதி அனுப்புகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நடுவில் நானே சிரித்துவிடுவேன். நான் சிரித்தால் நிலையத்தில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அப்புறம் இது ஒரு பகிடிக் கதையாகப் போய்விடும். பாதி பகிடிதான். மற்றப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. எனக்குப் பதற்றம் வந்தால் மூளைக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். ஹட்டனுக்கும் வட்டகொடைக்கும் நடுவில் எந்தக் கடையின் பின்பக்கம் கழிப்பறை உண்டு, எதற்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்த முதலாளி முகம் சுளிக்காமல் சாவி தருவார் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் உத்தியோக வாழ்க்கையை யாராவது வரைபடமாகப் போட்டால், அது கழிப்பறைகளின் வரைபடமாகத்தான் இருக்கும்.

ஆரம்ப காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பிறகு நிலையத்தில் சேர்ந்தேன். தபாலில் வந்த பாடப்புத்தகக் கட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். வெளிவாரி மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தினேன். தலைமுடி கொட்டியது. அவ்வளவுதான்.

அதன்பிறகு கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து தேர்ச்சி அடிப்படைக் கல்வி வந்தது. எங்களை ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள்: இனிமேல் எத்தனை மணித்தியாலம் வகுப்பில் இருந்தார் என்பது முக்கியமில்லை. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தாரா என்பது முக்கியமில்லை. செய்யத் தெரிகிறதா, அதைப் பாருங்கள். தெரிந்தால் ஒவ்வொரு திறமைக்கும் ஒரு டிஜிட்டல் பேட்ஜ் கொடுங்கள். போனில் வட்டமாக, பச்சையும் தங்க நிறமுமாக வரும். அதில் இருக்கும் கட்டக்குறியை யார் ஸ்கேன் பண்ணினாலும் இன்னார் இன்ன வேலையில் தேர்ச்சி பெற்றவர் என்று திரை சொல்லும். பேட்ஜ்கள் சேர்ந்தால் டிப்ளோமா.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே நான் அதை நம்பிவிட்டேன். இன்றைக்கும் நம்புகிறேன். பொய்யான ஒன்றைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

ஏனென்றால், எங்களிடம் வந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். திம்புள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணி வந்தார். பொல்பிட்டிய மின்நிலையத்தில் எடுபிடி வேலை செய்த ஒருவர் வந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் வந்தார்கள். பல்கலைக்கழகம் என்ற பலகையை பஸ்ஸிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். முதல் நாள் ஒருவர்கூட உள்ளே வந்து உட்காரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லி நான் கெஞ்சினேன். யாரும் நகரவில்லை.

"நாங்க நிக்கிறோம் சேர், நீங்க சொல்லுங்க" என்று ஒரு பெண் சொன்னாள். "உக்காந்தா பரீட்சை வச்சிருவீங்க."

அவள்தான் தவமணி. வீடியோவில் கை கழுவுபவள்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். நாற்பதை நெருங்கும் வயது. கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. கொழுந்து பறிக்கிறவளுக்கு மணிக்கட்டுப் போனால் எல்லாம் போன மாதிரி. அந்த நேரத்தில் தோட்டத்தை நடத்திய தொரை நல்ல மனிதர், அவளைப் புள்ளக்காம்பராவுக்கு உதவியாகப் போட்டார். அம்மாமார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே அவள் பல வருசம் இருந்துவிட்டாள். அப்போதுதான் தோட்டத்துக் கம்பனி புதுச் சட்டம் போட்டது: புள்ளக்காம்பராப் பொறுப்பில் இருப்பவருக்குக் குழந்தைப் பராமரிப்பு பேட்ஜ் வேண்டும். இருந்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் திரும்ப மலைக்கு. அந்தக் கோணல் கையோடு.

இவ்வளவுதான் விசயம். ஒரு பேட்ஜ்.

மதிப்பீடு எப்படி நடக்கும் என்று தர்ஷினிக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதிப்பீட்டாளர் மாணவர் வேலை செய்யும் இடத்துக்கே போகவேண்டும். அங்கே ஒரு மூலையில் உட்காரவேண்டும். உதவி செய்யக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது. என் முகத்துக்கு அது பெரிய தண்டனை. ஒவ்வொரு வேலையையும் வீடியோ எடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், மாணவர் தான் செய்வதைச் செய்துகொண்டே உரக்கச் சொல்லவேண்டும். பழக்கத்தில் செய்கிறாரா, தெரிந்து செய்கிறாரா என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் விளங்குமாம்.

"யாருக்குச் சொல்லணும்?" என்றாள் தவமணி.

"போனுக்கு."

"போனுக்குக் கண்ணு இருக்குல்ல சேர்? அது பாக்காதா?"

"பாக்கும். ஆனா நீங்க சொல்லவும் வேணும்."

"புள்ளையக் குளிப்பாட்டுறப்ப நான் தனியா பேசிக்கிட்டு இருந்தா, லயத்து வீடுகள்ல என்னா சொல்லுவாங்க? தவமணிக்குப் பேயி புடிச்சிருச்சி, முனியாண்டிக்குக் கோழி வைங்கன்னு சொல்லுவாங்க."

இருந்தாலும் சொன்னாள். பிள்ளைகளின் பாய்களை உதறி வெயிலில் போட்டாள். பால் போத்தல்களைக் கொதிக்கவைத்தாள். காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளையைத் தனியாகப் படுக்கவைத்து அம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் "இப்போ நான்" என்று தொடங்கி ஒரு வசனம். பிள்ளைகள் முதலில் அவளை விசித்திரமாகப் பார்த்தன. பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒன்று அழ ஆரம்பித்தது. ஒன்று அழுதால் எல்லாம் அழும். என் வயிறும் சேர்ந்து அழுதது. சட்டப்படி நான் அசையக்கூடாது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் வேறு எந்த உத்தியோகத்தராவது கழிப்பறைக்கும் கடமைக்கும் நடுவில் அப்படி நேராக உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

பத்து மணிபோல அம்மாமார் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"யாருடி அது, மூலையில?"

"என்னையப் பரீட்சை பண்ண வந்த சேரு. நான் கை கழுவுறதப் பாக்க ஹட்டன்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்காரு."

"ஏன், அவங்க ஊட்டுல யாரும் கை கழுவ மாட்டாங்களா?"

கூடைகளோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் குலுங்கின. நானும் சிரித்துவிட்டேன். அவள் அடுத்துக் கை கழுவும்போதும் சிரிப்பு அடங்கவில்லை, வீடியோவில் அதைத்தான் இருமலாக மாற்றினேன்.

முதல் தடவை அவளுக்கு நான் தேர்ச்சி கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை படியில் தடுக்கி விழுந்தது. விழுந்தால் காயத்தைப் பார்த்து, கழுவி, அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைக் குறித்துவைக்க வேண்டும். அவள் இடுப்பில் இன்னொரு பிள்ளை. "இப்போ நான் எழுதுறேன்" என்று போனுக்குச் சொன்னாள். எழுதவில்லை.

"சொன்னீங்க, செய்யல" என்றேன்.

"கைய எங்க சேர் வைக்கிறது? நீங்க சும்மாதானே குந்திக்கிட்டு இருந்தீங்க, புள்ளைய வாங்கியிருந்தா எழுதியிருப்பேன்."

"நான் தொடக்கூடாது. சட்டம்."

"அப்ப ஒங்க சட்டத்த புள்ளையத் தூக்கச் சொல்லுங்க."

அவளுக்கு வந்த கோபத்தில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. அடுத்த தடவை நான் போனபோது, விழுந்த பிள்ளையையும் இடுப்புப் பிள்ளையையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, முதலில் எழுதினாள். பிறகுதான் "இப்போ நான் எழுதிட்டேன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேர்ச்சி.

அந்தத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, லயத்துக்கு மேலே முனியாண்டி கல் இருக்கும் மரத்தடி. வீடியோக்களை அங்கே ஏறிப்போய்த்தான் கொழும்புக்கு அனுப்பவேண்டும். தவமணி கூடவே வந்தாள். கல்லுக்கு முன்னால் ஒரு கற்பூரம் கொளுத்தினாள்.

"முனியாண்டி, இதக் கொழும்புக்குக் கொண்டுபோய் சேத்துரு. நடுவுல எங்கயும் நிக்காத."

சேர்ந்தது. எல்லா வீடியோவும் ஒரு தடங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. முனியாண்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அதற்குப் பிறகு இருந்தவர்கள் மனிதர்கள்.

கொழும்பிலிருந்து 'தேர்ச்சி பெற்றுள்ளார், பேட்ஜ் வழங்கப்பட்டது' என்று எனக்குத் தகவல் வந்தது. தவமணிக்கு பேட்ஜ் வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் எடுத்தாள்.

"சேர், பேட்ஜ் வரல்ல."

"வரும் தவமணி."

"முனியாண்டி அனுப்புனாரு. ஒங்க ஆளுங்க எங்க வச்சிருக்காங்க?"

அவளுக்கு மட்டுமில்லை. கங்காணிக்கு வரவில்லை, பொல்பிட்டியக்காரருக்கு வரவில்லை, டிஸ்பென்சரிப் பெண்களுக்கு வரவில்லை. பேட்ஜ் ஈமெயிலுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். எந்த ஈமெயில் கொடுத்தீர்கள் என்று கங்காணியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் ரவித் தம்பிதான் பாத்துக்கிட்டாரு."

தலவாக்கலையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ரவிச்சந்திரனுக்கு ஒரு கொம்யூனிகேஷன் கடை. தாத்தா காலத்தில் துணிக்கடை, அப்பா காலத்தில் பலசரக்கு, இவன் காலத்தில் போட்டோகொப்பியும் ரீலோடும் ஒன்லைன் விண்ணப்பமும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதவேண்டுமா, பரீட்சை முடிவு பார்க்கவேண்டுமா, வெளிநாட்டு வேலைக்குப் போடவேண்டுமா, ரவியிடம்தான் போவார்கள். ஈமெயில் கேட்கும் இடத்தில் ரவி தன்னுடைய ஈமெயிலைப் போடுவான். இது களவு இல்லை, எங்கள் ஊர் வழக்கம். தனியாக ஈமெயில் திறந்து கொடுத்தால் ஆட்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து அழுவார்கள். அதனால் பதில் ரவிக்கு வரும், ரவி போன் எடுத்துச் சொல்வான். மலையகத்தில் பாதிப் பேருக்கு ரவிதான் ஈமெயில்.

கடைக்குப் போனேன். ரவி என்னைக் கண்டதும் போனை நீட்டினான்.

"அண்ணே, நானே ஒங்களுக்கு எடுக்கணும்னு இருந்தேன். இது என்னா, பச்சப் பச்சயா வந்துகிட்டே இருக்கு? வைரஸா?"

பார்த்தேன். விரலால் தள்ளத் தள்ள பேட்ஜ். குழந்தைப் பராமரிப்பு. களை முகாமைத்துவம். மருந்து களஞ்சியப்படுத்தல். மின்சாரப் பாதுகாப்பு. எல்லாவற்றின் அடியிலும் ஒரே பெயர்: எஸ். ரவிச்சந்திரன். விண்ணப்பம் எப்படிப் போகிறது என்று பரிசோதித்துப் பார்க்க முதல் நாள் அவன் தன் பெயரைப் போட்டு ஒரு தடவை பதிந்திருக்கிறான். அதற்குப் பிறகு அதே ஈமெயிலில் வந்த ஒவ்வொருவரையும், பழைய மாணவர் திரும்ப வந்திருக்கிறார் என்று நினைத்து அந்தக் கம்பியூட்டர் வரவேற்றிருக்கிறது. ஒருவரே பல பேட்ஜ் சேர்க்கலாம் அல்லவா? அதற்காகவே செய்த திட்டம் அல்லவா?

"ரவி, இது மத்தவங்களோட பேட்ஜ்டா."

"அப்ப நான்?"

"நீ அவங்க எல்லாரும்."

பேட்ஜ்களைத் திரும்ப முதலிலிருந்து தள்ளிப் பார்த்தான். "அண்ணே, நான் எப்போ புள்ளைக்குப் பால் குடுத்தேன்?"

கடையின் பின்பக்கச் சாவியைக் கேட்டேன்.

அங்கிருந்து நேரே ரத்நாயக்க சேரிடம் போனேன். நிலையத்தின் தலைவர். இன்னொருவர் பேசுவதை அவரைப்போலக் கேட்கும் மனிதரை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை. எந்தப் பிரச்சினையோடு போனாலும் முதலில் உட்காரச் சொல்வார். வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வரும். கருப்பட்டியைக் கடித்து நீங்கள் முதல் வாய் குடிக்கும்வரை பேசவிடமாட்டார். பிறகு மேசையில் இருக்கும் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கேட்பார். நடுவில் குறுக்கிடமாட்டார். போன் அடித்தால் எடுக்கமாட்டார். நீங்கள் சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "நீங்க வந்து சொன்னது ரொம்ப நல்லது" என்று அவருடைய தமிழில் சொல்வார். கடைசியில் சிங்களத்தில் ஒரே ஒரு சொல்: "பலமு." பார்ப்போம்.

வெளியே வரும்போது பாரம் இறங்கியிருக்கும். வாசல்படி தாண்டி, கருப்பட்டியின் இனிப்பு நாக்கில் தேய்ந்த பிறகுதான், ஒன்றும் நடக்கவில்லை என்பது உறைக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். தவமணியின் கையைப் பற்றிச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. கொழும்புக்கு எழுதினார். பதில் வந்தது: பேட்ஜ் சரியான ஈமெயிலுக்குத்தான் போயிருக்கிறது, அமைப்பில் பிழை இல்லை. கொடுத்த பேட்ஜின் பெயரை மாற்ற வழியில்லை, மாற்ற முடியாது என்பதுதான் அதன் சிறப்பு. பாதிக்கப்பட்டவர்கள் அடுத்த சுற்றில் சொந்த ஈமெயிலோடு புதிதாகப் பதியலாம். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டு எழுதினோம். அதற்குப் பதில் இல்லை.

"பலமு" என்றார் ரத்நாயக்க சேர்.

இதற்கிடையில் தோட்டத்தில் புள்ளக்காம்பரா வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்துவிட்டது. தவமணிக்கு நான் நிலையத்துத் தலைப்பு போட்ட தாளில் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். கூடவும் போனேன். ரவியும் தன் போனை எடுத்துக்கொண்டு வந்து ஒப்பீஸ் வாசலில் நின்றான். அவள் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கம்பனியிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒரு இளைஞர், கண்ணியமானவர். என் கடிதத்தைப் படித்துப் பார்த்து மடித்து என்னிடமே தந்தார். "பேப்பர் எடுக்கிறதில்ல சேர். யார் வேணும்னாலும் அடிக்கலாம்னுதானே பேட்ஜ் கொண்டுவந்தது?" நியாயம். நாங்கள் ஹோட்டலில் படித்ததும் அதைத்தான். ரவியின் போனை வாங்கி ஸ்கேன் பண்ணினார். திரையைப் பார்த்தார். தவமணியைப் பார்த்தார்.

"யாரும்மா ரவிச்சந்திரன்?"

"அவரு என் ஈமெயிலுங்க" என்றாள் தவமணி.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

பொங்கல் வரைக்கும் தவணை தந்தார்கள். அதற்குள் தன் பெயரில் பேட்ஜ் கொண்டுவந்தால் வேலை. இல்லாவிட்டால் பொங்கல் கழிந்து மலைக்கு. வெளியே வந்ததும் தவமணி சேலை முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "பொங்கலுக்குள்ள நான் ரவியாகணும், இல்ல ரவி நானாகணும். எது லேசு சேர்?"

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து வாழ்த்து வந்தது. பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிக பேட்ஜ் பெற்ற மரபுசாரா மாணவர் எங்கள் நிலையத்தைச் சேர்ந்தவர். பெயர் எஸ். ரவிச்சந்திரன். தோட்டப் பின்னணி, சிறுகடை நடத்துகிறார், குழந்தைப் பராமரிப்பிலிருந்து மின்சாரம் வரை தேர்ச்சி. விழாவுக்கு அழைத்து வரவும், விருது உண்டு.

ரத்நாயக்க சேர் எனக்கு இரண்டாவது கருப்பட்டி தந்தார். அவ்வளவு சந்தோசம்.

"சேர், இது அந்த ரவி."

"தெரியும், மோகன்."

"அப்போ?"

கன்னத்தில் கையை ஊன்றினார். "பலமு."

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்நாளில் வயிற்றைக் கேட்காமல் வந்த யோசனை அது ஒன்றுதான். ரவி மேடையில் ஏறி, திட்டத்தை நடத்தும் கொழும்புப் பணிப்பாளர் முன்னால், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லட்டும். காகிதத்தில் எழுதினால் அடுத்த சுற்று. வாயால், மைக்கில் சொன்னால் என்ன செய்வார்கள்? அப்படிச் சொன்ன பிறகு பெயரை மாற்றாமல் இருக்க முடியுமா? ரவிக்கும் அது பிடித்தது. ஊரில் எல்லாரும் அவனை 'வாங்க டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"சொல்லிர்றேன் அண்ணே. ஆனா கோட்டு வாங்கணுமா?"

விழாவுக்குப் போனோம். பணிப்பாளர் பெரிய படிப்பாளி, ஆங்கிலத்தில் பேசினார். ரவிக்குத் தமிழ்தான் சுகம், ஆகவே நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கவேண்டும். மேடைக்குப் போகுமுன் நான் மூன்று தடவை போய்வந்தேன். மண்டபத்தின் கழிப்பறை அருமையாக இருந்தது, அதைச் சொல்லவேண்டும்.

ரவி மைக்கைப் பிடித்தான். தெளிவாகச் சொன்னான்.

"ஐயா, இது எதுவும் நான் செஞ்சது இல்லீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் எங்க தோட்டத்து ஆளுங்க செஞ்சது. அவங்களுக்குத்தான் இது சேரணும். என் பேரை எடுத்துட்டு அவங்க பேரைப் போடுங்க."

ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். முதலில் சிங்களத்தில். பிறகு ஆங்கிலத்தில்.

மண்டபம் எழுந்து நின்றது. கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். பணிப்பாளர் ரவியைக் கட்டிப்பிடித்தார். "என்ன பணிவு, என்ன பணிவு" என்று மைக்கில் சொன்னார். ரவி என் காதில் கேட்டான்: "அண்ணே, நீங்க சரியாத்தானே சொன்னீங்க?"

விழா முடிந்து பட்டிஸும் கோப்பியும் கொடுத்த இடத்தில் பணிப்பாளரை மடக்கினேன். கதை முழுவதையும் சொன்னேன்: கடை, ஈமெயில், தவமணி, பொங்கல். வயிறு இரண்டு தடவை கூப்பிட்டது, நான் போகவில்லை. அவர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "இந்தக் கதையை அறிக்கையில் சேர்த்தாயிற்று மோகன். பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். நல்ல விசயம் ஒன்று நடக்கும்போது அதைக் குழப்பாதீர்கள். அடுத்த சுற்றில் பார்ப்போம்." அவருடைய 'பார்ப்போம்' ஆங்கிலத்தில் இருந்தது. கருப்பட்டிகூட இல்லை.

பொங்கல் வந்தது. பொங்கல் போனது.

அதற்குப் பிறகு நான் கொஞ்ச காலம் வேலையில் இருந்தேன். கங்காணி ஒரு தடவை வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்து, "ரவித் தம்பி நல்லா படிச்சிட்டாரு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் ஓய்வுக்கு எழுதினேன். அறுபது வரை இருந்திருக்கலாம், ஐம்பத்தைந்திலேயே எழுதிக்கொடுத்தேன். ரத்நாயக்க சேர் தேத்தண்ணி தந்தார், கருப்பட்டி தந்தார், கண்ணை எடுக்காமல் கேட்டார். "பலமு" சொல்லவில்லை. அன்றைக்கே கையெழுத்து வைத்தார். என் சேவைக்காலத்தில் அவர் கையில் கொடுத்து அதே நாளில் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

இப்போது அடுத்த சுற்று வந்திருக்கிறதாம். முகத்தைக் காட்டினால்தான் செயலி திறக்குமாம், இனிமேல் ஆள் மாறாதாம். நல்லது. ஆனால் தவமணி பதியமுடியாது. குழந்தைப் பராமரிப்பைச் செய்துகாட்ட அவள் புள்ளக்காம்பராவில் வேலையில் இருக்கவேண்டும். வேலையில் இருக்க அந்த பேட்ஜ் வேண்டும். அவளுடைய பழைய வீடியோவைத்தான் நீங்கள் பயிற்சியில் மாதிரியாகப் பார்க்கிறீர்கள். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள். ரவியின் விருது, கண்ணாடியால் செய்தது, அவன் கடையில் போட்டோகொப்பி மெசினுக்கு மேலே தாளுக்குப் பாரமாக இருக்கிறது. அவனும் திருந்திவிட்டான். இப்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனி ஈமெயில் திறக்கிறான். பாஸ்வேர்டு மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

ஆகவே தர்ஷினி, நீ கேட்டதற்கு வேலைக்கு உதவும் பதில் இதுதான். கை கழுவச் சொல்வதற்கு முன்னால், அவர்கள் போனை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் ஈமெயிலை அவர்களையே திறக்க விடு. திறக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கு அதுதான் பாடம், மற்றது அடுத்த நாள். நேரமாகும். மேலே இருந்து கேட்பார்கள். கேட்டால், 'பலமு' என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்.

இந்த அம்மா யார் என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எனக்குப் போன மாதம் கிடைத்தது. வட்டகொடைக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்துப் பாதையில் வேன் நின்றது. கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். தவமணியும் வந்தாள். இடது கையால் பறிக்கப் பழகியிருக்கிறாளாம். கூடை மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. நான் இறங்கினேன். ரோட்டோரத்தில் நின்றேன். வயிறு வழக்கம்போல முந்திக்கொண்டது.

என்னைக் கண்டதும் நின்றாள். கூடையை இறக்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பார்த்து, போன் அங்கே இருப்பதுபோல, உரக்கச் சொன்னாள்:

"இப்போ நான் மலையில இருந்து எறங்குறேன். இப்போ நான் கால்ல இருந்து அட்டையப் புடுங்குறேன்."

பின்னால் வந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் இருமினேன்.

"இப்போ நான் சேரப் பாக்குறேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கூடையை முதுகில் சரிசெய்துகொண்டாள். "இப்போ நான் ஒண்ணும் சொல்லாம போறேன்."

சொன்னதைச் செய்தாள்.